மணி அடித்தாலும் நிறுத்தாதவள்

பக்கத்து வீட்டு அக்கா யாரையாவது திட்ட ஆரம்பித்தால் நின்று முழுசாகக் கேட்டுக்கொள்வது நல்லது. ஓடினால் பின்னாலேயே வருவாள். ஒருமுறை எங்கள் பால்காரர், பாலில் தண்ணீர் கலந்த விவகாரத்தில் பாதித் திட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்துவிட்டார். அக்கா டவுன் பஸ் ஏறி, தளி ரோட்டில் இருக்கிற அவர் வீட்டுக்கே போய் மிச்சத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

"அவரு என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அவரு என்னா சொல்றது? அவங்க ஊட்டம்மா உக்கார வெச்சு மோர் குடுத்தாங்க. குடிச்சேன், முடிச்சேன், வந்தேன்" என்றாள்.

ஆரம்பித்ததைப் பாதியில் விடக்கூடாது. அவளுக்குத் தெரிந்த வேதம் அது ஒன்றுதான். பாதிக் கோலம், பாதித் தூக்கம், பாதிச் சண்டை எதுவும் அவளுக்கு ஆகாது. அவள் வீட்டுக்காரர் வாயைத் திறந்து ஒரு பேச்சை ஆரம்பித்து நடுவில் யோசித்தால், அந்தப் பேச்சையும் அவளே முடித்து வைப்பாள். பாவம், அவர் கெலவரப்பள்ளிப் பக்கம் குத்தகை நிலத்தில் தக்காளி போட்டுக்கொண்டிருந்தவர். பேச வேண்டியதையெல்லாம் தக்காளிச் செடியிடம் பேசிவிட்டு வருவார் என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

நாங்கள் கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். என் வீட்டுக்காரருக்குச் சிப்காட்டில் லேத் வேலை. பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரே கூரை ஓடிய லைன் வீடுகள், அதில் ஒன்று எங்களுக்கு. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா. கரிசக்காட்டு வெயிலில் காய்ந்த உடம்பு எனக்கு. ஓசூர்க் குளிரில் முதல் வாரம் பல் கிட்டிப்போய்க் கிடந்தேன். அக்கா ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, "மழை வர்றதுக்குள்ள பழகிரும். பழகுற வரைக்கும் இது உன்னுது" என்றாள். நான் பழகிவிட்டேன் என்று அவளாகவே ஒருநாள் முடிவு செய்து கம்பளியைத் திருப்பி எடுத்துக்கொண்டும் போனாள். அதையும் பாதியில் விடவில்லை.

அவள் வீட்டில் தெலுங்கு. மாமியாரிடம் கற்றுக்கொண்ட பாட்டெல்லாம் கன்னடம். எங்களோடு தமிழ். கோபம் வந்தால் மூன்றும். ஓசூரில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் எனக்கு அப்போது அதிசயமாக இருந்தது. நான் பேசுகிற தென்பாண்டித் தமிழ்தான் அவளுக்கு வேடிக்கை. "வாரீக, போறீக, திங்கீக" என்று என்னைப் போலவே பேசிக் காட்டுவாள். அதையும் நான் சிரிக்கிற வரைக்கும் விடமாட்டாள்.

ஒரு பேக்டரி கேன்டீனில் அவளுக்குக் காய் நறுக்குகிற வேலை. ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் மற்ற பெண்களெல்லாம் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். அக்கா முன்னால் இருக்கிற கூடை காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டாள். கேன்டீன் சூப்பர்வைசர், பூட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினாராம்.

"சங்கு ஊதியாச்சும்மா, போம்மா."

"சங்கு உங்களுக்கு ஊதுச்சு சார். வெங்காயத்துக்கு ஊதலியே."

ஊருக்குள் ஒரு ஜவுளிக்கடை பாய் இருந்தார். நல்ல மனிதர். எந்தப் பொது வேலைக்கும் முன்னால் நிற்கிறவர். அவர் கடைக்குப் போனால் அக்கா பத்துச் சேலையைப் பிரிக்கச் சொல்லி ஒன்றை எடுப்பாள். எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அவள் ஒருத்திதான் பிரித்த சேலை அத்தனையையும் மடிப்புக் கலையாமல் மடித்து, அடுக்கி, அட்டைக்குள் திருப்பி வைத்துவிட்டு எழுந்திருப்பாள். "உங்கள மாதிரி ரெண்டு ஆளு இருந்தா கடைப் பையனுங்களே வேண்டாம்மா" என்பார் பாய்.

இந்தக் குணத்தோடு அவளிடம் ஒரு குரலும் இருந்தது. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் மணல் கலந்த குரல். ஆனால் ஊர்க் கல்யாணங்களில் ஆரத்தி எடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் ஆரத்தி என்றால் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரைத் தட்டில் வைத்துச் சுற்றி, வாசலில் ஊற்றிவிட்டு, பொட்டு வைத்து முடித்துக்கொள்வோம். அவர்களுக்கு அது பாட்டு. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, மாப்பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு ஒரு அடி, அண்ணன் தம்பிக்கு ஒரு அடி, பெண்ணின் தாய்மாமனுக்கு ஒரு அடி, அவர் போட்ட நகைக்கு ஒரு அடி என்று ஒவ்வொருவரையும் பாட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். பாட்டு முடிகிற வரைக்கும் தட்டு கீழே இறங்கக் கூடாது.

என் நாத்தனார் கல்யாணத்தை ஓசூரிலேயே வைத்தோம். அக்கா ஆசையாக ஆரத்திக்கு வந்து நின்றாள். எங்களுக்காகத் தமிழிலேயே பாடினாள். சாத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கை கட்டி நிற்கிறார்கள், நிற்கிறார்கள், வேர்த்து ஊற்றுகிறது. என் மாமியார் என் காதருகே வந்து, "என்னடி இவ, கண்டக்டர் ஸ்டாப்பு சொல்ற மாதிரி ஒவ்வொருத்தரா இறக்கி ஏத்திக்கிட்டே இருக்கா" என்றாள். நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

கடைசி அடிக்குப் பெயர் படியேத்து. அதைப் பாடும்போது மணப்பெண் வலது காலை எடுத்து முன்னால் வைக்க வேண்டும்.

பொறந்த வாசல் சாத்தியாச்சு, பொண்ணே திரும்பாதே
புகுந்த வாசல் தெறந்திருக்கு, வலதுகால் வெச்சு ஏறு

இதைப் பாடி, பெண் காலை வைத்த பிறகுதான் தட்டு இறங்கும். ஆரத்தித் தண்ணீரை வாசலில் ஊற்றுவார்கள். படியேத்து பாடாமல் விட்டால் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் கால் நிலைக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. விட்டுப்போன பாட்டை வீட்டுக்குள் உட்கார்ந்து பாடியும் ஒப்பேற்ற முடியாது. அதே பெண்ணை நாலு பேர் இருக்கிற சபையில் உட்கார வைத்து, அதே தட்டோடு, முதலிலிருந்து பாட வேண்டும்.

எத்தனையோ பெண்களைப் படியேற்றியவள் அவள். கல்லு ஹாலில் நடந்த கூத்துக்குப் பிறகு ஒருவரும் அவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. அதற்குத்தான் வருகிறேன்.

அக்காவுக்கு ஒரே மகள். ஆனேக்கல் பக்கம் கட்டிக் கொடுத்தாள். கர்நாடக எல்லை தாண்டினால் அரை மணி நேரம்கூட ஆகாத ஊர். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். நாங்கள் லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரு பஸ் பேசிக்கொண்டு போனோம். அங்கே மண்டபத்துக்காரர்கள் அடுத்த கல்யாணத்துக்கு இடத்தைக் கழுவ வாளியோடு வந்து நின்றுவிட்டார்கள். வெளியே பஸ்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவில்லை. அக்கா தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். தாய்மாமன் அடி வந்திருந்தது. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் முன்னால் வந்து, சிரித்துக்கொண்டேதான், அக்கா கையிலிருந்த தட்டை வாங்கினாள். வாங்கி, விறுவிறு என்று வாசலுக்குப் போய் ஊற்றிவிட்டு, காலித் தட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். பெண்ணைக் காரில் ஏற்றிவிட்டார்கள்.

அக்கா வெறுங்கையைத் தட்டு பிடிக்கிற மாதிரியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அத்திப்பள்ளி வரைக்கும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.

முதல் தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்தார்கள். பொங்கலுக்கு அவள் மட்டும் ஒரு பையோடு வந்தாள். அப்புறம் பண்டிகை இல்லாத நாளிலும் அந்தப் பை வர ஆரம்பித்தது. நீலக் கலர் ரெக்சின் பை. சந்து முனையில் அதைப் பார்த்தாலே கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். ஒருமுறை முழங்கையில் காயம், கதவு இடித்துவிட்டதாம். ஒருமுறை கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது, குழாயடியில் வழுக்கிவிட்டதாம். மாப்பிள்ளைக்குக் குடிப் பழக்கம் என்பது லைன் வீடு முழுக்கத் தெரியும். அவளை அடிக்கிறான் என்பதும் எங்களுக்கு மெல்ல மெல்லத் தெரிய வந்தது.

அக்கா மகளுக்கு வயிறு நிறையச் சோறு போடுவாள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவாள். ரெண்டு நாள் வைத்திருந்து, கூடவே போய்ப் பஸ் ஏற்றிவிட்டு வருவாள். "ஆரம்பிச்சத பாதில உடக்கூடாது கண்ணு" என்று சொல்லித்தான் ஏற்றுவாள். பால்காரரிடமும் வெங்காயத்திடமும் கேட்டுச் சிரித்த அதே சொல். மகளிடம் அதைச் சொன்னபோது என்னால் சிரிக்க முடியவில்லை.

"ஏக்கா, அந்தப் பிள்ளையத் திரும்பத் திரும்ப எதுக்கு அங்க தள்ளுறீக?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"அவன் கெட்டவன் இல்ல. பாட்டு முடியல. அதான் இவளுக்கு அங்க கால் நிக்கல" என்றாள். "நம்ம பக்கத்துத் தப்பு அது. நான்தான் தட்ட உட்டுட்டேன். கெட்டியா புடிச்சிருக்கணும்."

எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் சொன்ன விதத்தில் ஒரு குற்றவாளியின் முகம் இருந்தது. மகள் படுகிற அடி ஒவ்வொன்றையும் அவள் அந்த முடியாத பாட்டின் பேரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் போய், "ஒரே ஒரு தடவ பொண்ண உக்கார வெச்சுப் பாடிக்கிறேன்" என்று கேட்டுப் பார்த்தாளாம். பைத்தியமா என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கல்லு ஹாலில் ஊர்ப்பாட்டு விழா என்று பாய் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கல்லு ஹால் துரைமார்கள் ஜோடி போட்டு ஆடுவதற்காகக் கட்டியதாம். சுற்றிலும் கருங்கல், உள்ளே தேக்குப் பலகைத் தரை. வெள்ளைக்காரன் போன பிறகு கொஞ்ச காலம் கோர்ட்டு நடந்தது. பிறகு ரேஷன் அரிசி மூட்டை அடுக்கினார்கள். நாங்கள் வந்தபோது வௌவால் குடியிருந்தது. ஊர்க்காரர்கள் சிலர் ஒரு கமிட்டி போட்டு, கேட்டு வாங்கி, சுண்ணாம்பு அடித்து, முதல் நிகழ்ச்சியாக இந்தப் பாட்டு விழாவை வைத்தார்கள். பாய்தான் செயலாளர். மேடைக்காரர்கள் யாரும் வேண்டாம், வீட்டிலும் வயலிலும் பாடுகிறவர்கள் பாடினால் போதும் என்பது அவர் யோசனை. சாமல்பட்டியிலிருந்து நடவு நடுகிற பெண்கள், மத்தூரிலிருந்து பம்பைக்காரர்கள், பாய் வீட்டுப் பெண்களின் மருதாணிப் பாட்டு, எங்கள் தெற்கத்திக் கும்மி, இப்படி ஆளுக்குக் கொஞ்ச நேரம். கோர்ட்டுக் காலத்து வெண்கல மணி ஒன்று மேடை ஓரத்தில் தொங்கியது, நேரம் தாண்டினால் அதை அடிப்பதாக ஏற்பாடு.

அக்கா அவரை வாசலிலேயே மறித்தாள்.

"பாய், அது சபைதான? நாலு பேரு வருவாங்கதான?"

"நாலு பேரா? ஊரே வரும்மா."

"அப்ப நான் ஆரத்திப் பாட்டு பாடறேன். எனக்கு மட்டும் மணி அடிக்காதீங்க."

"மணி எல்லாருக்கும் பொதும்மா. நீங்க கொஞ்சம் சுருக்கிப் பாடிக்கலாமே."

"கல்யாணத்தச் சுருக்கச் சொல்லுங்க பாய், நான் பாட்டச் சுருக்கறேன்."

பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பொண்ணாக உட்காருவதற்குத் தெருப் பிள்ளை எதையாவது கூட்டிவருவாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அக்கா அன்றே மகளை அழைத்துவர ஆனேக்கல்லுக்கு ஆள் அனுப்பினாள். ஆனால் ஆள் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே நீலப் பை சந்துக்குள் வந்துவிட்டது.

அந்த முறை மகள் தலைமுடியை ஒரு பக்கமாக இழுத்து, காதை மூடிப் பின்னிக்கொண்டிருந்தாள். அக்கா கேன்டீனுக்குப் போயிருந்தாள். நான்தான் பிள்ளைக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தேன். முடியை ஒதுக்கியதும் கையை எடுத்துவிட்டேன். காது மடல் கீழே ரெண்டாகப் பிளந்திருந்தது. தோடு இல்லை. ரத்தம் காய்ந்து முடியில் ஒட்டியிருந்தது.

"சீப்பு மாட்டிக்கிச்சு சின்னம்மா" என்றாள்.

"எந்தச் சீப்புடி தோட்டையும் புடுங்கிக்கிட்டுப் போச்சு?"

"அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு ரகசியம் தங்காது. அதிலும் இந்த ரகசியம் தங்கவே கூடாது. அன்று சாயங்காலமே அக்காவிடம் சொன்னேன். மகள் காதை ஒரு தடவை விலக்கிப் பாருங்க என்றேன். அவள் அடுப்பு மேடையில் ஆரத்தித் தட்டைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"சீப்புன்னு அவளே சொல்றாளே."

"நீங்க பார்த்தீகளா?"

"ஞாயித்துக்கெழம பாட்டு முடிஞ்சிரும். எல்லாம் நேராப் பூடும்."

"பாட்டு முடிஞ்சா குடிக்கிறவன் குடிய விட்ருவானாக்கா? புடுங்கின தோட்டத் திருப்பி மாட்டி விடுவானா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தை விளக்க ஆரம்பித்தாள். அவளுக்கு உள்ளே பயம் என்று எனக்கு அப்போது புரிந்தது. காதைப் பார்த்துவிட்டால் பாட்டைப் பற்றிய நம்பிக்கை நிற்காது. அதனால்தான் அவள் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கிளம்பினோம். மகளுக்குக் கல்யாணச் சேலையைக் கட்டிவிட்டிருந்தாள். நீலப் பையும் கூட வந்தது. பாட்டு முடிந்ததும் ஹாலிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஆனேக்கல் பஸ், அதுதான் ஏற்பாடு. பையை மேடைக்குப் பக்கத்தில், மணிக்குக் கீழே வைத்தாள்.

ஹால் நிறைந்திருந்தது. பலகைத் தரையில் ஆட்கள் நடக்கிற சத்தமே ஒரு மேளம் மாதிரி கேட்டது. சாமல்பட்டிப் பெண்கள் நடவுப் பாட்டு பாடினார்கள். அது பாதியில் இருக்கும்போதே மணி அடித்தது, அவர்கள் சிரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். எங்கள் கும்மியில் குலவை போட்டு முடித்தபோது ஹால் முழுக்கக் கை தட்டியது. வேறு நாளாக இருந்திருந்தால் ரெண்டு நாளைக்குப் பெருமை பேசியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அது மனசில் ஒட்டவில்லை. கண்ணெல்லாம் அந்தப் பைமேலேயே இருந்தது.

அக்கா மகளை மேடை நடுவில் மணையில் உட்கார வைத்தாள். தட்டை ஏந்தினாள். முதல் அடியிலேயே ஹால் அமைதியாகிவிட்டது. அந்தக் கல் சுவருக்கு அவளுடைய மணல் குரல் என்னவோ பொருந்திப்போனது. மாமனாருக்குப் பாடினாள். மாமியாருக்குப் பாடினாள். அன்றைக்குத் தட்டைப் பிடுங்கின நாத்தனாருக்கும் ஒரு குறையும் வைக்காமல் பாடினாள். மகள் தலையைக் குனிந்தபடி இருந்தாள். மணி அடித்தது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பாய் எனக்குக் கையைக் காட்டி, என்னம்மா இது என்கிற மாதிரி ஜாடை செய்தார்.

தாய்மாமன் அடி வந்தது. முன்பு நின்றுபோன இடம். அதையும் தாண்டினாள். அடுத்தது நகை அடி. அதில் மாமன் போட்ட நகை ஒவ்வொன்றையும் பேர் சொல்லி, பாடுகிறவள் பெண்ணைத் தொட வேண்டும். நெற்றிச் சுட்டிக்கு நெற்றி. மூக்குத்திக்கு மூக்கு. தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் மகளின் முடியை ஒதுக்கி, காதைத் தொட்டாள்.

மகள் உடம்பு ஒரு தரம் துள்ளி அடங்கியது. முன் வரிசையில் இருந்த எனக்கு அது தெரிந்தது.

காதுக்கு மாமன் போட்ட தோடு, கண்ணுபட மின்னுது

இந்த வரியை அக்கா பாடினாள். பாடிவிட்டு, மறுபடி அதே வரியைப் பாடினாள். எந்தப் பாட்டிலும் ஒரு வரியைத் திரும்பப் பாடுகிறவள் இல்லை அவள். மூன்றாவது தரமும் அதையே எடுத்தாள். குரல் "தோடு" என்கிற இடத்தில் கரகரத்து நின்று, மறுபடி மேலே ஏறியது. அவள் விரல் அந்தப் பிளந்த மடலிலேயே இருந்தது. மணி இன்னொரு தரம் அடித்தது.

பிறகு கைவளை, கால்மெட்டி. அந்த அடி முடிந்தது. மிச்சம் இருந்தது படியேத்து மட்டும்தான்.

மகளுக்கு இது தெரியும். சின்ன வயதிலிருந்து அம்மாவோடு கல்யாணம் கல்யாணமாகப் போனவள். யாரும் சொல்லாமலே சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை மணையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பிள்ளை முகத்தில் அழுகை இல்லை, ஒன்றும் இல்லை. ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டி உட்கார்ந்திருக்கிற பிள்ளை மாதிரி இருந்தாள்.

"சாலும்மா" என்றாள். போதும் என்று தெலுங்கில். பாட்டைச் சொன்னாளோ, எதைச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. மெதுவாகத்தான் சொன்னாள். பின் வரிசைக்குக் கேட்டிருக்காது.

அக்கா வாயைத் திறந்தாள். முதல் சொல்லுக்கு மூச்சு எடுத்தது எனக்குத் தெரிந்தது. பொறந்த வாசல் சாத்தியாச்சு என்றுதான் படியேத்து தொடங்கும். அந்த மூச்சு அப்படியே நின்றது. கூட்டம் காத்திருந்தது. மேலே வௌவால் ஒன்று இந்தச் சன்னலுக்கும் அந்தச் சன்னலுக்கும் போய் வந்தது.

அவள் தட்டோடு குனிந்தாள். மகள் நீட்டியிருந்த காலை ஒரு கையால் பிடித்தாள். பிடித்து, எடுத்த இடத்திலேயே, மணைமேல் திருப்பி வைத்தாள். அப்புறம் தட்டைத் தரையில் இறக்கினாள்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அது பாட்டின் முடிவு என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஆனால் முன்பக்கம் உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்கள் கை தட்டவில்லை. அவர்களுக்குப் பாட்டு தெரியும். ஒருத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். "சபைல வெச்சு, பெத்த பொண்ணுக்கு, படியேத்து பாடாம தட்ட எறக்கிட்டா" என்று மறுநாளே ஊருக்குள் பேச்சு போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீடும் அவளைக் கூப்பிடத் துணியவில்லை. அவளும் போய் நிற்கவில்லை. ராத்திரியில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புரண்டு படுப்பது பல வருஷம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. செய்தது சரியா என்று என்னைக் கேட்பாள். சரிதான்க்கா என்பேன். மறுபடி கேட்பாள். அந்தக் கேள்வியை மட்டும் அவள் கடைசிவரை முடிக்கவே இல்லை.

அன்றைக்கு அக்கா மேடையிலிருந்து இறங்கும்போது பாய் வேகமாக வந்தார். நிம்மதியில் முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டாவது மணிக்காவது நிறுத்தினீங்களே, ரொம்ப சந்தோஷம். அழகா முடிச்சீங்கம்மா."

"முடிக்கலீங்க பாய்" என்றாள் அக்கா. "உட்டுட்டேன்."

பையை நான் எடுக்கப் போனேன். அக்கா அதை என்னிடமிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மேடையில் இருந்த தட்டை எடுத்து ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனேக்கல் பஸ் கிளம்புவதற்கு நின்றுகொண்டிருந்தது, கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் அதைக் கடந்து போனோம். தட்டிலிருந்த சிவப்புத் தண்ணீர் சிந்திவிடக் கூடாதே என்று அக்கா அடி அடியாக நடந்தாள். அவள் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை.

லைன் வீட்டுச் சந்துக்குள் வந்ததும் நின்றுவிட்டாள். பாட்டு முடிந்தால்தான் ஆரத்தித் தண்ணீரை ஊற்றலாம். முடியாத பாட்டின் தண்ணீரை என்ன செய்வது என்று அவள் மாமியார் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படி ஒரு தண்ணீர் யார் கையிலும் மிச்சம் இருந்ததில்லை. தட்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், சந்தில் ஓடிய சாக்கடையைப் பார்த்தாள்.

"இத எங்கம்மா ஊத்தறது?" என்று மகளிடம் கேட்டாள். எதையும் யாரிடமும் கேட்டுச் செய்யாதவள்.

மகள் தட்டை வாங்கினாள். அம்மா வீட்டுப் படிக்கு முன்னால் போய் நின்று, அங்கேயே ஊற்றினாள். ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.